இரண்டு ஷெட், ஒரு டிரான்ஸ்பார்மர்

“அப்ப எங்க ஆளுக ஜும்மாவுக்கே போகக் கூடாதுங்கிறீகளா மாமா?”

“நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்? போங்க. நல்லாத் தொழுதுட்டு வாங்க. போறப்ப எங்க கரண்டையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிராதீகன்னுதான் சொல்றேன்.”

சந்தனம் இதைச் சிரிக்காமல் சொன்னார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மெயின் பேனலுக்கு விசிறினார், மயங்கி விழுந்த ஆளுக்கு விசிறுவதைப் போல. அவருக்குப் பின்னால் எட்டுத் தறிகளும் பாதி நெய்த துணியோடு நின்றுபோயிருந்தன. தறி ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்குச் சத்தம் பழகிவிடும்; சத்தம் நின்றால்தான் காதுக்குள் என்னவோ செய்யும். நெசவாளர்கள் வெளியே வேப்பமர நிழலுக்குப் போய், வெள்ளிக்கிழமை என்றால் இது இருக்கத்தானே செய்யும் என்பது போல வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

நஸ்ரின் பேனல் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். வரிசையாக நின்ற கெப்பாசிட்டர்களில் ஒன்று, கத்தும் தவளையின் தொண்டை மாதிரி உப்பியிருந்தது. போன வெள்ளிக்கிழமை அதற்குப் பக்கத்தில் இருந்தது போனது. அதற்கு முந்தின வாரம் பியூஸ்.

“ஒங்க அத்தா பள்ளிவாசலுக்குக் கிளம்புறாரு. தறிய நிப்பாட்டுறாரு. மெயின இழுத்து விடுறாரு. கொஞ்ச நேரத்துல இங்க டமார். மைதீன் வேணும்னே செய்றாருன்னா சொல்றேன்? அந்த இழுப்பு அப்படி. வெடுக்குன்னு இழுக்குறாரு. பதமா இழுக்கணும்.”

“மெயின் சுவிட்ச்ச பதமா இழுத்தா பொறி பறந்து கை வெந்துபோகும் மாமா.”

“பாத்தியா, இதையெல்லாம் நீதான் சொல்ற. அவரு வந்து சொல்றாரா?”

சொம்பில் மோரோடு வந்த வெள்ளைத்தாய் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். “எதுக்குங்க அந்தப் பிள்ளைகிட்டப் போயி? சண்டைதான் வேணும்னா அவுக அத்தா இந்தா வந்துருவாக. வாசல்ல நின்னு தாராளமாப் போடுங்க.”

“அந்தாளோடதான் எனக்குப் பேச்சே இல்லையே.”

“பேச்சு இல்லாம சண்ட போட முடியலன்னு பிள்ளையப் பிடிச்சு வச்சிருக்கீக. குடி தாயி, வெயில்ல வந்திருக்க.”

நஸ்ரின் மோரை வாங்கிக் குடித்தாள். பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணத்தன. மதார் மைதீனின் மகளுக்குச் சந்தனத்தின் ஷெட்டில் மோர் கிடைப்பதில் எந்தத் தடையும் இல்லை. பேசாமல் இருந்தது இரண்டு ஆண்கள் மட்டும்தான்.

அந்த இரண்டு ஷெட்களும் அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழி போகும் சாலையில், நடுவில் ஒரே சுவரோடு, முதுகும் முதுகும் சாய்ந்து உட்கார்ந்த இரண்டு பேர் போல இருந்தன. சுற்றிலும் கருவேலங்காடு, மழை பெய்தால் மட்டும் சோளம் முளைக்கும் கரிசல். சாலையோரக் கம்பத்தில் மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மர் ஒன்று. அந்த ஒன்றுதான் இரண்டு ஷெட்டுக்கும். அதில் வேறு யாருக்கும் லைன் கிடையாது. சந்தனம் பரளச்சிப் பக்கம் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்ட குடும்பத்திலிருந்து வந்து, தறி ஓட்டி, தறி வாங்கி, முதலாளியானவர். மைதீன் சவுதியில் பல வருசம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் கிடந்துவிட்டு, வந்த கையோடு ஷெட் போட்டவர். இரண்டு பேருக்கும் காலை டீ ஒன்றாகத்தான். டீக்கடைக்காரர் இன்றைக்கும் இரண்டு டம்ளரைச் சேர்த்துத்தான் வைக்கிறார். ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, ஒருவர் சாலையைப் பார்த்தும் ஒருவர் சுவரைப் பார்த்தும் குடிக்கிறார்கள்.

எல்லாம் புதுத் தறிகள் வந்ததிலிருந்துதான். சந்தனம், நாடா ஓடாமலே ஊடை நூலை வீசுகிற புத்தம்புது நாடாயில்லாத் தறிகள் இறக்கினார். அதே மாதம் நஸ்ரின், கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, அப்பாவை நச்சரித்து, வெளிநாட்டு மில் ஒன்று கழித்துக்கட்டிய தறிகளை வாங்க வைத்தாள். பழையவை, ஆனால் அவள் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத்தான் எடுத்தாள். அந்த ஊர் வோல்ட் வேறு என்பதால் அவற்றோடு ஒரு பெரிய சாம்பல் நிறப் பெட்டியும் வந்தது. நம் கரண்டைக் கொஞ்சம் குறைத்து அந்தத் தறிகளுக்குக் கொடுக்கிற பெட்டி. லாரியிலிருந்து இறக்கிய அன்று, டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சந்தனம் சொன்னார்: “மைதீன் தறி வாங்கல, தகர டப்பா வாங்கியிருக்காரு.” மைதீன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு ஆரம்பித்தது இந்த வெடி. வெள்ளிக்கிழமை மைதீன் ஷெட் தொழுகைக்கு நிற்கும்போது சந்தனம் ஷெட்டில் வெடிக்கும். அமாவாசைக்குச் சந்தனம் ஷெட் லீவு. அன்றைக்கு மைதீன் ஷெட்டில் வெடிக்கும். இவர் இல்லாதபோது அவருக்கு, அவர் இல்லாதபோது இவருக்கு. அப்படியானால் இல்லாத ஆள்தான் ஏதோ செய்துவிட்டுப் போகிறான் என்று நினைப்பதைத் தவிர ஒரு மனிதன் வேறு என்னதான் நினைப்பான்? “அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைக்கிறான்ல, அவன் கழிக்கிற திருஷ்டியெல்லாம் சுவரேறி நம்ம பக்கம் வருது” என்று மைதீன் வீட்டில் சாப்பிட உட்காரும்போது சொல்வார். திருஷ்டியை நம்புகிற ஆள் இல்லை அவர். சந்தனத்தை எதற்காவது திட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு பேரும் கூப்பிட்டது ஒரே எலக்ட்ரீஷியனை. நல்லகண்ணு இரண்டு ஷெட்டிலும் ஒரே வைத்தியத்தைச் சொன்னார்: “இன்னொரு கெப்பாசிட்டர் போட்டுருவோம்.” அந்த வட்டாரத்தில் கரண்டுக்கு எந்தச் சீக்கு வந்தாலும் மருந்து அதுதான். நஸ்ரினும் அதைத்தான் செய்தாள். படித்தவள், அவள் கையாலேயே இரண்டு மாட்டினாள். வெடி கூடியதே தவிரக் குறையவில்லை.

இதற்கிடையில் ஷார்ஜாவிலிருந்து அண்ணன் முகம்மது ரபீக் ஒரு ஆள் பிடித்திருந்தான். தறிகளை அப்படியே வாங்கிக்கொண்டு போக ஈரோட்டுப் பக்கத்து ஆள். “குமாரலிங்கபுரத்துல ஜவுளிப் பார்க் வந்துட்டா நம்ம ஷெட்ட யாரு திரும்பிப் பாப்பா? தறியக் குடுத்துட்டு இங்க வா, நல்ல வேலை பாத்து வச்சிருக்கேன்” என்று தங்கையிடம் அன்பாகத்தான் சொன்னான். மைதீன் யோசித்து ஒரு முடிவு சொன்னார். வருகிற புதன்கிழமை அமாவாசை. அன்றைக்குத் தறி நிற்காமல் ஓடினால் வைத்துக்கொள்வோம். நின்றால் வியாழக்கிழமை லாரி வரும்.

நஸ்ரினுக்கு ஷார்ஜா மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் ஷெட் கதவைத் திறந்து, முதல் தறியின் பொத்தானை அமுக்கி, அது உறுமாமல், உதறாமல், தூக்கத்திலிருந்து எழுகிற குழந்தை போல மெல்லக் கிளம்புவதைப் பார்க்கிற அந்தக் கணம் அவளுக்கு வேண்டியிருந்தது. அந்தக் கணத்தை ஈரோட்டுக்கு லாரியில் ஏற்றி அனுப்ப அவளுக்கு மனசில்லை.

அதனால்தான் இந்த வெள்ளிக்கிழமை அவள் சந்தனத்தின் பேனல் முன்னால் நின்றாள். கையில், இன்ஜினீயரிங் காலேஜில் பாடம் எடுக்கும் தோழி ஆசிபாவிடம் இரவல் வாங்கிய கருவி. கம்பியைச் சுற்றி ஒரு கவ்வியை மாட்டினால், உள்ளே ஓடும் கரண்டின் அலையைத் திரையில் வரைந்து காட்டும்.

“அத மாட்டுனா என் தறி ஓடுமா?” என்றார் சந்தனம்.

“ஓடாது. ஏன் ஓடலன்னு தெரியும்.”

“அது எனக்கே தெரியுமே. ஒங்க அத்தா இழுத்த இழுப்பு.” ஆனாலும் தள்ளி நின்று இடம் விட்டார். “சரி, மாட்டு. ஷாக் கீக் அடிச்சா உங்கம்மா சபுரா பீவிக்கு என்னால பதில் சொல்ல முடியாது.”

உப்பியதைக் கழற்றி, இருந்த ஒரு மாற்றுக் கெப்பாசிட்டரை மாட்டிவிட்டு, நஸ்ரின் தறிகளைக் கிளப்பச் சொன்னாள். தறிகள் ஓடத் தொடங்கின. பேனலுக்குள்ளிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் எழுந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு வலி பொறுக்கிற ஆளின் முனகல். கவ்வியைத் தறிகளுக்குப் போகும் கம்பியில் மாட்டினாள். திரையில் அலை வந்தது. வழவழப்பாக ஏறி இறங்க வேண்டிய மேடு, உச்சியில் பிளந்து இரண்டாக நின்றது.

சந்தனம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். “என்னம்மா இது, ரெட்டைத் திமிலு? ஒட்டகமா? சவுதியில இருந்து ஒங்க அத்தா கொண்டாந்ததா?”

“இது உங்க ஒட்டகம் மாமா. உங்க தறி போடுறது.”

சந்தனத்தின் தறி ஒவ்வொன்றிலும், அவளுடைய தறிகளிலும்தான், டிரைவ் என்று ஒரு பெட்டி உண்டு. கம்பத்திலிருந்து வரும் மூன்று பேஸையும் வாங்கி, டையோடுகள் வழியே ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரமாக்கி, பிறகு தறிக்கு என்ன வேகம் வேண்டுமோ அதற்குத் தக்கபடி திரும்ப மாற்றிக் கொடுக்கும். அதனால்தான் நூல் அறாமல் தறி கிளம்புகிறது. ஒரே குறை, அது கரண்டைக் குடிக்கிற விதம். சாதா மோட்டார் சொம்பை அண்ணாந்து சீராகக் குடிக்கும். டிரைவ் அப்படியில்லை, அலை உச்சிக்கு வருகிற நேரம் பார்த்து மடக் மடக்கென்று இரண்டு வாய் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். அந்த இரண்டு வாய்தான் இரண்டு திமில். அப்படி விழுங்கும்போது, ஒழுங்கான கரண்டோடு ஐந்து மடங்கு வேகத்திலும் ஏழு மடங்கு வேகத்திலும் சின்ன அலைகள் சேர்ந்து ஓடிவருகின்றன. கெப்பாசிட்டருக்கு வேகமான அலை என்றால் கொள்ளைப் பிரியம். வழிவிட்டுக் கூப்பிட்டு உட்கார வைக்கும். உட்கார வைத்து, தானே சூடேறிச் சாகும். இன்னொரு கெப்பாசிட்டர் போட்டால் விருந்தாளிகளுக்கு இன்னொரு பாய் விரித்தது போலத்தான்.

தான் மாட்டியதும் வெடித்த பிறகு புத்தகங்களைப் புரட்டி இவ்வளவும் நஸ்ரின் தெரிந்துகொண்டிருந்தாள். தெரியாதது ஒன்றே ஒன்று. டிரைவ் எல்லா நாளும்தான் இப்படிக் குடிக்கிறது. அப்படியிருக்க, பக்கத்து ஷெட் நிற்கும்போது மட்டும் ஏன் வெடிக்கிறது?

அவள் கவ்வியை எடுத்துக் கெப்பாசிட்டருக்குப் போகும் கம்பியில் மாட்டினாள். இருக்க வேண்டியதைவிட எவ்வளவோ கூடுதலான கரண்டு ஓடுவதாகத் திரை எண்ணில் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்தபடி நின்றபோதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் சத்தம் கேட்டது. தொழுகை முடிந்து வந்துவிட்டார்கள். அந்த ஷெட்டு நெசவாளி மூக்கம்மாளின் குரல் யாரையோ அதட்டியது. மெயினை ஏற்றும் ‘டக்’. முதல் தறி கிளம்பியது.

திரையில் எண் இறங்கியது.

இரண்டாவது தறி. இன்னும் இறங்கியது. மூன்றாவது, நான்காவது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கூடக் கூட இந்தப் பக்கம் பேனலின் முனகல் தேய்ந்துகொண்டே வந்து, கடைசித் தறியும் ஓடத் தொடங்கியபோது அடங்கியே போயிற்று.

சந்தனம் காதைப் பேனலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “என்னம்மா பண்ணுன?”

“நான் ஒண்ணுமே பண்ணல மாமா.”

“அப்ப முனகல் எங்க போச்சு?”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், ஷெட்டின் மூலையில், யாரும் கண்டுகொள்ளாமல் நிற்கிற சாம்பல் பெட்டி அவள் கண்ணுக்குள் வந்தது. கவ்வியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் ஓடினாள்.

சாம்பல் பெட்டியின் பெயர்த்தகட்டில் தூசியைத் துடைத்தாள். ஒரு பக்கச் சுருள் முக்கோணமாகவும் மறுபக்கச் சுருள் நட்சத்திரமாகவும் கட்டியிருந்தார்கள். அப்படிக் கட்டினால் அலை கொஞ்சம் நகர்ந்து விழும். கவ்வியை மாட்டிப் பார்த்தாள். தன் ஷெட்டின் கரண்டு, ஒட்டகமாக இல்லாமல், படிக்கட்டாக ஏறிப் படிக்கட்டாக இறங்கியது. இரண்டையும் ஒரு தாளில் ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்து கூட்டினாள். அங்கே திமில் ஏறும் இடத்தில் இங்கே படி தாழ்ந்தது. அங்கே பள்ளம் விழுந்த இடத்தில் இங்கே மேடு இருந்தது. ஐந்தும் ஏழும் ஒன்றையொன்று எதிர்த்து வந்து அணைந்துபோய், கம்பத்து டிரான்ஸ்பார்மருக்குப் போய்ச் சேரும்போது அருமையான ஒரே ஒரு மேடுதான் மிச்சம். யாரோ எங்கோ ஒரு தூர தேசத்தில், வேறு ஏதோ காரணத்துக்காகச் சுற்றிய செம்புக் கம்பி, கடல் தாண்டி வந்து அருப்புக்கோட்டைச் சுவர் ஒன்றுக்குப் பின்னால் உட்கார்ந்து, கேட்காமலே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. அவள் அந்தச் சூடான பெட்டியின் மேல் கையை வைத்து, தறி இரைச்சலுக்கு நடுவே தனியாகச் சிரித்தாள்.

“என்ன முதலாளியம்மா, டப்பாவத் தடவிக்கிட்டுச் சிரிக்கிறீக?” என்றாள் மூக்கம்மாள், நூல் முடிச்சை விடாமலே. “மாப்பிள்ள பாத்துட்டாகளா?”

மறுநாள் காலை நஸ்ரின் தாளோடு சந்தனத்திடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். நேற்று முனகல் அடங்கியதைத் தன் காதால் கேட்ட மனிதர். மறுக்க அவருக்கு வழியில்லை.

“அப்ப ரெண்டு ஷெட்டும் சேந்து ஓடணும், சேந்து நிக்கணும். அதானே?”

“அவ்வளவுதான் மாமா. இந்தச் சின்ன அலைகள வடிகட்டுற பில்டர்னு ஒரு பெட்டி இருக்கு, நம்ம அளவுக்குச் செஞ்சு வர மூணு நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் இதுதான் வழி.”

“கெப்பாசிட்டரக் கழட்டி எறிஞ்சா?”

“கரண்ட வீணாக்குறோம்னு கரண்டு ஆபீஸ்ல இருந்து மறுநாளே அபராத ஓலை வரும்.”

சந்தனம் தாடையைச் சொறிந்தார். “ஜும்மாவுக்கு நானும் தறிய நிப்பாட்டணும். அப்ப ஒரு தொப்பியும் வாங்கிக் குடுத்துரு மருமகளே.” பிறகு சிரிப்பு குறைந்தது. “என் ஆளுகளுக்கு நெய்ற துணிக்குத்தான் கூலி, நேரத்துக்கு இல்ல. வாராவாரம் அந்நேரம் சும்மா உக்காருங்கன்னா முகத்தத் தூக்குவாக. சாயங்காலப் பரளச்சி பஸ்ஸ விட்டுட்டா அவுக வீடு போய்ச் சேருறது எப்ப? இத நான் அவுககிட்டப் போய்ச் சொல்லணும்னா...” அவர் சுவரைப் பார்த்தார். “நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா இது நீ கேக்குற விசயம் இல்ல தாயி. ஒங்க அத்தா வந்து கேக்கட்டும். அப்பப் பாப்போம்.”

மைதீன் மத்தியானச் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார்.

“அதாவது, அவன் நிப்பாட்டுற அமாவாசைக்கு நானும் நிப்பாட்டணும்.”

“ஆமா அத்தா.”

“அமாவாசைக்கு லீவு விடுறதுக்கா உன்ன நான் இன்ஜினீயரிங் படிக்க வச்சேன்?”

சபுரா பீவி புரையேறச் சிரித்துவிட்டாள். மைதீனுக்கு அது பிடிக்கவில்லை. “சிரி, சிரி. ஊரே மூடிக் கெடக்குற அன்னைக்கு எந்தத் தறி ஓடுது? நம்ம தறிதான். அத விட்டுட்டு, என் தறியத் தகர டப்பான்னு சொன்னவன்கிட்டப் போயி நான் கேக்கணுமா? புதன்கிழமை ஓடட்டும். ஓடுனா உண்டு. இல்லேன்னா ரபீக்கு சொன்னதுதான்.”

“ஓடாது அத்தா. தனியா ஓடுனா நிக்கும். அதத்தானே இம்புட்டு நேரமாச் சொல்றேன்.”

“பாப்போம்.”

புதன்கிழமை காலை சுவருக்கு அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. நஸ்ரின் மெயினை ஏற்றினாள், அப்பாவின் உத்தரவு. தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின, எப்போதும் போல அழகாக. மைதீன் நாற்காலியைப் பேனலுக்கு எதிரில் போட்டு, தேர்வு எழுதுகிற பையனைப் பார்க்கிற வாத்தியார் போல உட்கார்ந்துகொண்டார். முனகல் எழுந்தது. அவர் காதில் விழாதது போல இருந்தார். முனகல் கூடியது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டார்.

“நிப்பாட்டிரலாமா அத்தா?”

“ஓடட்டும்.”

வெயில் ஏறி ஷெட்டின் தகரக் கூரை படபடவென்று விரியத் தொடங்கிய நேரத்தில், பேனலுக்குள் பட்டென்று ஒரு சத்தம். தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. கருகிய வாடை வந்தது. எட்டு நெசவாளர்களும் கையை எடுத்துவிட்டு முதலாளியின் முகத்தைப் பார்த்தார்கள்.

தான் சொன்னது சரியென்று ஆனதில் இப்படி ஒரு துக்கம் இருக்கும் என்று நஸ்ரின் நினைத்திருக்கவில்லை. லாரி நாளைக்கு வரும். முதல் தறியின் மேல் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. அதை விரலால் வழித்தாள்.

மைதீனின் போன் அடித்தது. ரபீக். அவர் எடுக்கவில்லை. பின்னால் தள்ளிய நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு மகளைப் பார்க்காமல் சொன்னார்: “அந்த ஒட்டகத்தக் காட்டு.”

அவள் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். இது மாமா தறி, இது நம்ம தறி, இது ரெண்டும் சேர்ந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். மைதீன் மூன்றாவதன் மேல் விரலை வைத்து, மேடு வழியாக மெல்ல ஏறி, மெல்ல இறங்கினார். ஆலையில் வேலை பார்த்த காலத்தில் குழாயின் மேல் கை வைத்தே உள்ளே தண்ணீர் சரியாக ஓடுகிறதா என்று சொல்வாராம். அந்தக் கை.

“நேத்தும் இப்படித்தான் இருந்துச்சா?”

“ஆமா அத்தா. நேத்துப் பூரா இப்படித்தான் இருந்துச்சு.”

“நேத்து அவன் டீக்கடையில என்னையப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்.”

“நீங்களும்தானே அத்தா.”

“நானும்தான்” என்று ஒத்துக்கொண்டார் மைதீன். விரலை இன்னொரு தடவை மேட்டின் மேல் ஓட்டினார். எழுந்தார். “மூக்கம்மா, எல்லாரும் வீட்டுக்குப் போங்க. இன்னைக்கு லீவு.”

“அமாவாசைக்கா? நம்ம ஷெட்டுலயா?” மூக்கம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். “ஆத்தாடி, மழை வரப் போகுது. துணியெல்லாம் காயப் போட்டுட்டு வந்தேனே!”

போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை எடுத்தார். “ரபீக்கு, லாரிக்காரன கொஞ்சம் பொறுக்கச் சொல்லு... இல்லடா, விக்க மாட்டேன்னு சொல்லல. ஒரு ஆளப் பாத்துட்டு வந்து சொல்றேன்.” போனை மகளிடம் கொடுத்துவிட்டு, மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுப் பொத்தானை மேலே வரைக்கும் பூட்டினார். நஸ்ரின் பின்னாலேயே போனாள்.

சந்தனம் எண்ணெய் தேய்த்துக் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு, ஷெட்டுக்குப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மதில் மேல் இலையில் சோறும் பருப்பும் வைத்து, கா கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், ஆளைப் பார்த்ததும் பாதிக் கூப்பாட்டில் நிறுத்தினார். வெள்ளைத்தாய் வாசற்படிக்கு வந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் கதவோரம் நின்றுகொண்டாள்.

“காக்கா வரலையா?” என்றார் மைதீன், மதிலைப் பார்த்து.

“வரும். இம்புட்டு நேரம் ஒங்க தறிச் சத்தத்துக்குப் பயந்து நின்னுச்சு. இப்பத்தான் அமைதியாயிருச்சே.”

“வெடிச்சது கேட்டுச்சா?”

“டவுனு வரைக்கும் கேட்டிருக்கும்.”

மைதீன் ஒரு கணம் திரும்பிப் போய்விடுவார் போல இருந்தது. ஆனால் அவர் செருப்பால் மண்ணைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, அங்கேயே நின்றார்.

“நீ தகர டப்பான்னு சொன்னியே, அந்த டப்பா இல்லேன்னா உன் பேனல்ல ஒரு கெப்பாசிட்டரும் மிஞ்சாது. தெரியுமா உனக்கு?”

“தெரியும். மருமக படம் போட்டுக் காட்டிருச்சு.”

“தெரிஞ்சும் மூஞ்சியத் திருப்புற?”

“நீ இந்தப் பக்கம் வருவியான்னு பாத்தேன்.”

“வந்துட்டேன்ல.”

“வந்துட்ட. வெயில்ல நிக்குற. வெள்ளைத்தாயி, மோரு கொண்டா.”

“மோரு கெடக்கட்டும்.” மைதீன் தொண்டையைச் செருமினார். அவருடைய பார்வை சந்தனத்தின் முகத்துக்கு வந்து, அங்கேயே நின்றது. “இனிமே அமாவாசைக்கு நாங்களும் தறிய நிப்பாட்டிக்கிறோம். அது என் பாடு. உன் ஆளுகளுக்குக் கஷ்டம்தான், பிள்ள சொல்லுச்சு. இருந்தாலும் கேக்குறேன். வெள்ளிக்கிழமை நாங்க தொழப் போயிட்டு வர்ற அந்த நேரம் மட்டும், எங்களோட சேந்து நீயும் தறிய நிப்பாட்டுவியா சந்தனம்?”